மலைமேல் ரிப்பீட்டர்: டவரில் இடம் பிடிப்பதும் வருஷச் செலவைச் சமாளிப்பதும்

நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கமோ ஒரு ஹாம் (உரிமம் வாங்கிப் பேசும் பொழுதுபோக்கு ரேடியோ) ரிப்பீட்டர் வைக்கலாம் என்று நாலு பேர் கூடினால், பேச்சு உடனே எந்த ரேடியோ, எந்த ஆண்டெனா, தொட்டபெட்டாவில் இடம் கிடைக்குமா என்று போய்விடும். அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்த வரை ரிப்பீட்டர்கள் ஓய்ந்துபோவது வேறு காரணங்களால்: மூன்றாம் வருஷம் வாடகை கட்ட ஆள் இருக்காது, பேட்டரி மாற்றப் பணம் இருக்காது, சைட் சாவி யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. அதனால் இடத்தையும் செலவையும் முன்னால் வைத்து, கருவிகளை அதற்குள் பொருத்திச் சொல்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ரிப்பீட்டர் ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் திருப்பி அனுப்பும். நம் நாட்டில் 2 மீட்டர் பேண்ட் என்பது 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. கேட்கும் அலைவரிசைக்கும் அனுப்பும் அலைவரிசைக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். குன்னூர் பள்ளத்தில் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) வைத்திருப்பவரால் கோத்தகிரியில் இருப்பவரோடு நேராகப் பேச முடியாது, நடுவில் மலை நிற்கிறது. இருவருக்கும் தெரிகிற ஒரு உச்சியில் ரிப்பீட்டர் இருந்தால் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி பேசலாம்.

இது பொழுதுபோக்குக்கு மட்டும் உள்ள விஷயமில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து, கரண்ட் போய், ரோடு அடைபட்டது. இப்படிப்பட்ட நாட்களில் கரண்ட் போன சில மணி நேரத்தில் செல்போன் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடுகிறது. அன்றைக்கு உயிரோடு இருக்கும் ரிப்பீட்டர்தான் நமக்கு வேண்டும். மற்ற 360 நாளும் நன்றாக வேலை செய்து அந்த ஐந்து நாளில் படுத்துவிட்டால் இவ்வளவு உழைப்புக்கு என்ன பலன்?

முதலில் யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

தொட்டபெட்டா 2637 மீட்டர். கோயம்புத்தூர் சமவெளி சுமார் 400 மீட்டர். இடையில் 2200 மீட்டருக்கு மேல் வித்தியாசம். ரேடியோ அலை எவ்வளவு தூரம் தொடும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: மீட்டரில் உயரத்தை எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். 2200க்குப் போட்டால் கிட்டத்தட்ட 190 கிலோமீட்டர். கேட்கவே ஆசையாக இருக்கும். கொடைக்கானல் வானொலியான கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி வரை கேட்பதற்கு அதன் 10 கிலோவாட் சக்தி பாதிக் காரணம் என்றால் மலை உயரம் மீதிப் பாதி.

ஆனால் இந்த 190 கிலோமீட்டர் சமவெளிக்குத்தான். நம் மலைக்குள்ளேயே குந்தா பள்ளத்தாக்கில், மஞ்சூரில், மேற்கே கூடலூர், பந்தலூரில் இருப்பவர்களுக்கும் உச்சிக்கும் நடுவில் வரிசையாக முகடுகள். கோவையில் காரில் போகிறவருக்குத் துல்லியமாகக் கேட்கும், மழையில் துண்டிக்கப்பட்ட எமரால்டு பக்கத்து ஹட்டிக்கு ஒன்றும் கேட்காது. இன்னொரு சங்கடமும் இருக்கிறது. உயரமான இடத்தில் இருக்கும் ரிசீவர் எல்லாவற்றையும் கேட்கும்: மைசூர் பக்கத்து ரிப்பீட்டர், பாலக்காட்டுப் பேச்சு, கீழே உள்ள தொழிற்சாலைகளின் இரைச்சல். அதே அலைவரிசையைத் தூரத்தில் வேறு குழு வைத்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். அதனால் அலைவரிசை தேர்ந்தெடுப்பதற்கு முன் சேலம், மதுரை, பெங்களூரு, கேரளப் பக்க ஹாம்களிடம் கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள், டோன் (குரலோடு போகும் அடையாள ஒலி) வைத்து இயங்குகிற மாதிரி அமைத்துவிடுங்கள்.

என் கருத்து இதுதான்: மலைக்காரர்களுக்கான ரிப்பீட்டர் என்றால் உச்சியை விட்டுவிட்டு, உங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிற, வருஷம் முழுக்க ஜீப் போகிற, 1900, 2000 மீட்டரில் இருக்கும் ஒரு எஸ்டேட் மேடு பல நேரம் நல்லது. வாடகையும் குறைவு, இரைச்சலும் குறைவு.

இதை வாயால் சொல்லித் தீர்க்க முடியாது, சோதித்துப் பார்க்க வேண்டும். ஒரு சனி ஞாயிறு, காரில் வைக்கும் 25 வாட் செட், ஒரு கார் பேட்டரி, 6 மீட்டர் கம்பத்தில் ஒரு சாதாரண டைபோல் ஆண்டெனா, இவ்வளவு போதும். மேட்டில் ஒருவர் உட்கார்ந்துகொள்ள, மற்றவர்கள் வண்டியில் ஊர் ஊராகப் போய் நின்று பேசுங்கள். வரைபட மென்பொருளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அது சில்வர் ஓக்கையும் கற்பூர மரத்தையும் கணக்கில் எடுப்பதில்லை. வெயில் நாளோடு நிறுத்தாமல் மேகம் இறங்கி எல்லாம் நனைந்திருக்கும் நாளிலும் ஒரு முறை பாருங்கள். பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, பள்ளி, தாசில்தார் அலுவலகம், மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகள், இவற்றில் எங்கே கேட்கிறது எங்கே கேட்கவில்லை என்று எழுதி வையுங்கள். அந்தத் தாள்தான் பிறகு இடத்துக்காரரிடமும் அதிகாரியிடமும் பேசும்போது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம்.

யாரிடம் இடம் கேட்பது

புது டவர் கட்டும் எண்ணத்தை ஆரம்பத்திலேயே கைவிட்டுவிடுங்கள். உயரமான இடங்களில் பெரும்பகுதி வனத்துறையிடம் இருக்கிறது. 1980ஆம் வருஷ வனப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு நிலத்தை வேறு உபயோகத்துக்கு எடுக்க ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். கொடைக்கானல் காடுகள் 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். பட்டா நிலம் என்றாலும் மலைப்பகுதிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஏற்கனவே நிற்கும் டவரைப் பகிர்ந்துகொள்வதே நடக்கிற காரியம். உரிமம் தொடர்பான காகித வேலையும் அதில் எளிது, ஏனென்றால் அனுமதி பெற்று நிற்கும் டவரில் உயரம் கூடாமல் ஒரு ஆண்டெனா சேர்ப்பது வேறு, புதுக் கம்பம் நடுவது வேறு.

செல்போன் டவர் கம்பெனிகள் தங்கள் டவரை வாடகைக்கு விடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள். ஒரு செல்போன் நிறுவனத்திடமிருந்து அவர்களுக்கு ஒரு டவருக்குச் சராசரியாக மாதம் 40 ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. அந்தக் கணக்கில் நம்மால் நிற்க முடியாது. அவர்களிடம் போவதானால் வாடிக்கையாளராகப் போகாமல், பேரிடர் காலத் தொடர்புக்கு என்று மாவட்ட நிர்வாகத்தின் கடிதத்தோடு போங்கள். 2005ஆம் வருஷப் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்குக் கலெக்டர்தான் தலைவர். அவர் அலுவலகத்தில் உங்கள் சோதனைத் தாளைக் காட்டி, எந்த ஊர்களுக்குப் பேச முடியும் என்று விளக்கினால் கடிதம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அரசுத் துறை டவர்களில் வாடகை சிறியதாகவோ இல்லாமலோ இருக்கலாம். ஆனால் உள்ளே போவதற்கு அனுமதி, பாதுகாப்பு, அதிகாரி மாறினால் மறுபடி ஆரம்பம் என்று நேரம் நிறைய போகும். இந்த நேரமும் செலவுதான், அதைக் கொடுக்க உங்களில் ஒருவர் தயாராக இருக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது எஸ்டேட், பள்ளி, சர்ச், கோயில் நிர்வாகம் மாதிரி இடங்கள். எஸ்டேட் ஃபேக்டரிக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டி மேடு, பழைய வயர்லெஸ் கம்பம், இதெல்லாம் நமக்குத் தாராளம். மலையே 2000 மீட்டர் உயரம் கொடுத்துவிட்டது, மரத்துக்கு மேலே ஆண்டெனா தலை நீட்டினால் போதும்.

இங்கே ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இடம் கொடுக்கிற எஸ்டேட் துரை, "நம்ம ஃபீல்டு ஆட்களும் இதுல பேசிக்கலாமா?" என்று கேட்பார். கேட்பது நியாயம்தான், ஆனால் பதில் முடியாது என்பதே. ஹாம் அலைவரிசையில் வியாபாரப் பேச்சு சட்டப்படி கூடாது, உரிமம் இல்லாதவர் பேசவும் கூடாது. இதை முதல் சந்திப்பிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பதிலுக்கு நம்மால் கொடுக்க முடிந்தவை நிறைய இருக்கின்றன: எஸ்டேட் ஊழியர்களில் ஆர்வமுள்ள இரண்டு பேரை ஏ.எஸ்.ஓ.சி. என்ற ஹாம் தேர்வுக்குத் தயார்படுத்தி உரிமம் வாங்க வைக்கலாம், ஒரு மழைமானியும் வானிலைக் கருவியும் வைத்துக் கொடுக்கலாம், ஃபேக்டரி எர்த்தைச் சோதித்துச் சரிசெய்து தரலாம். உரிமம் வாங்கிய ஊழியர் அங்கேயே குடியிருப்பவர் என்றால் அதைவிட நல்ல காவல் உங்களுக்குக் கிடைக்காது.

ரிப்பீட்டருக்கு என்று தனி உரிமம் தொலைத்தொடர்புத் துறையில் அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூ.பி.சி. பிரிவிடமிருந்து வாங்க வேண்டும், தனிநபர் கால்சைன் (உரிமத்தோடு வரும் அழைப்புக் குறி) அதற்குப் போதாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் குழுவைப் பதிவு செய்து, பான் எண், வங்கிக் கணக்கு எல்லாம் சங்கத்தின் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தமும் சங்கத்தின் பெயரில்தான். ஒருவர் பெயரில் எழுதி, அவர் ஊர் மாறிப் போனால் ரிப்பீட்டரும் அவரோடு போய்விடும்.

அவர்கள் எதற்கு வாடகை கேட்கிறார்கள்

டவர் வைத்திருப்பவர் கணக்கு நான்கு விஷயத்தில் நிற்கும்: ஆண்டெனா எந்த உயரத்தில், காற்றை எவ்வளவு பிடிக்கும், எத்தனை கேபிள் இறங்குகிறது, கீழே அறையில் எவ்வளவு இடம். இது தெரிந்தால் பேரம் பேச வழி தெரியும். மேலே உள்ள நல்ல உயரத்தைக் கேட்காதீர்கள். செல்போன் ஆண்டெனாக்களுக்குக் கீழே, யாரும் வாடகைக்கு எடுக்காத 12, 15 மீட்டர் உயரத்தைக் கேளுங்கள்.

அடுத்து, ஒரே ஆண்டெனா, ஒரே கேபிள். அனுப்ப ஒன்று, கேட்க ஒன்று என்று இரண்டு ஆண்டெனா வைத்தால் டூப்ளெக்சர் (ஒரே ஆண்டெனாவில் அனுப்புவதையும் கேட்பதையும் பிரிக்கும் ஃபில்டர்) செலவு மிச்சம் என்று சிலர் நினைப்பார்கள். 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டு ஆண்டெனாவை 10 மீட்டர் மேலும் கீழுமாகப் பிரித்து வைத்தாலும் தேவையான பிரிப்பு வராது, நம் டிரான்ஸ்மிட்டரே நம் ரிசீவரைச் செவிடாக்கும். மேலும் இரண்டாவது ஆண்டெனாவுக்கும் கேபிளுக்கும் மாதாமாதம் வாடகை ஓடும். ஆறு கேவிட்டி (உலோக ஃபில்டர் குழல்) உள்ள நல்ல டூப்ளெக்சர் விலை அதிகம்தான், ஆனால் ஒரு தடவைச் செலவு. யு.எச்.எஃப். என்ற இன்னும் உயர்ந்த அலைவரிசைக்குப் போனால் டூப்ளெக்சர் சின்னதாகுமே என்று கேட்பவர்களுக்கு: நமக்கு அங்கே இருப்பது 434 முதல் 438 வரை 4 மெகாஹெர்ட்ஸ்தான், வெளிநாட்டு வழக்கமான 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி அதில் அடங்காது.

கேபிளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 40 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். 25 வாட் சக்தி டூப்ளெக்சரைத் தாண்டும்போதே 1.5 டெசிபெல் (சக்தி இழப்பை அளக்கும் அலகு) போய் 17, 18 வாட் ஆகிவிடும். ஆர்.ஜி. 213 என்ற வழக்கமான கேபிள் போட்டால் 145 மெகாஹெர்ட்ஸில் 100 மீட்டருக்குச் சுமார் 8.5 டெசிபெல் இழப்பு, அதாவது 40 மீட்டருக்கு 3.4, ஆண்டெனாவுக்குப் போய்ச் சேருவது 8 வாட். அரை இஞ்ச் ஹார்டுலைன் (கெட்டியான உலோக உறை கேபிள்) போட்டால் இழப்பு 1.1 டெசிபெல், 13 வாட்டுக்கு மேல் போகும். அனுப்புவதைவிடக் கேட்பதில்தான் இது பெரிதாக உறைக்கும், ஏனென்றால் பள்ளத்திலிருந்து ஹேண்டியில் பேசுபவரின் சிக்னலும் இதே கேபிளில் இதே அளவு தேய்ந்துதான் ரிசீவருக்கு வருகிறது. செல்போன் கம்பெனிகள் டவரில் சாதனம் மாற்றும்போது கழற்றிப்போட்ட ஹார்டுலைன் சில சமயம் சைட்டிலேயே கிடக்கும், கேட்டுப் பாருங்கள்.

ஆண்டெனா கெயினும் (சக்தியை ஒரு பக்கம் குவிக்கும் அளவு) அப்படியே, கூடக் கூட நல்லது என்று இல்லை. நீளமான ஃபைபர் கம்பு ஆண்டெனா சக்தியை அடிவானத்தை நோக்கி மெல்லிய தட்டாக அழுத்துகிறது. நம் ஆட்கள் அடிவானத்தில் இல்லை, கீழே பள்ளத்தில் இருக்கிறார்கள். டைபோல் இரண்டு அடுக்கு, அதிகம் போனால் நான்கு, அதற்கு மேல் இங்கே வேண்டாம்.

பக்கத்து டிரான்ஸ்மிட்டர்கள்

பகிர்ந்த டவரில் உண்மையான வாடகை பல சமயம் இரைச்சல்தான். எஃப்.எம். ஒலிபரப்புக்குப் பக்கத்தில் என்றால் 88 முதல் 108 வரை தடுக்கும் ஃபில்டர் இல்லாமல் ரிசீவரை வைக்கவே கூடாது. இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் கலந்து மூன்றாவதாக ஒன்றை உண்டாக்கும் பிரச்சினையும் இருக்கிறது. உதாரணத்துக்கு ஒரே டவரில் 152.000இல் ஒன்று, 158.950இல் ஒன்று என்று கொள்ளுங்கள். முதலாவதை இரண்டால் பெருக்கி இரண்டாவதைக் கழித்தால் 145.050. உங்கள் ரிப்பீட்டர் கேட்கும் அலைவரிசை அதுவாக இருந்தால், இருவரும் சேர்ந்து பேசும்போதெல்லாம் உங்கள் ரிசீவர் திணறும். அதனால் ஒப்பந்தத்துக்கு முன்னாலேயே அந்த டவரில் உள்ள எல்லா அலைவரிசைகளையும் எழுதி வாங்கி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு அலைவரிசைக்கு விண்ணப்பியுங்கள். துருப்பிடித்த கிளாம்ப், தளர்ந்த ஸ்டே கம்பிகூட இந்தக் கலப்பை உண்டாக்கும். நம் பக்கத்திலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு, வெளி சிக்னல் உள்ளே நுழையாமல் தடுக்கும் ஒரு ஐசோலேட்டர் போடுவது மரியாதை, நல்ல சைட்டுகளில் அதைக் கேட்டே வாங்குவார்கள்.

சோதிப்பது எளிது. தூரத்தில் ஒருவர் ஹேண்டியோடு, சிக்னல் அரைகுறையாகக் கேட்கும் இடமாகப் பார்த்து நின்று பேசட்டும். மேலே நீங்கள் ரிப்பீட்டரின் டிரான்ஸ்மிட்டரை அணைத்து ரிசீவரை மட்டும் கேளுங்கள், பிறகு ஆன் செய்து கேளுங்கள். ஆன் செய்ததும் அவர் குரல் அமுங்கினால் டூப்ளெக்சரையோ கேபிள் இணைப்பையோ பார்க்க வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால் இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. பக்கத்து அறையின் ரெக்டிஃபையர், எல்.இ.டி. விளக்கு, சோலார் கண்ட்ரோலர் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

ஊட்டிப் பக்கம் என்றால் இன்னொன்று. முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 1970இலிருந்து 326.5 மெகாஹெர்ட்ஸில் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நம் 145இன் மடங்குகள் 290, 435 என்று போவதால் நேராக அதில் விழாது. ஆனாலும் இரைச்சலான பவர் சப்ளையோ சரியாக டியூன் ஆகாத ஆம்ப்ளிஃபையரோ அங்கே போய்ச் சேர்ந்துவிடக் கூடாது. அந்தப் பக்கம் நேராகத் தெரியும் மேட்டில் வைக்கப் போகிறீர்கள் என்றால் அங்குள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, ஸ்பெக்ட்ரம் அனலைசரில் வெளியீட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆன் செய்ய வேண்டும். நம் மலையில் இப்படி ஒரு கருவி இருப்பது பெருமை, அதன் காதைக் காப்பது நம் பொறுப்பும்கூட.

இடி, மேகம், பனி

இந்த மலைகளின் பாறை சார்னோகைட் என்ற கடினக் கல், அதில் எர்த் கம்பி இறங்கவே இறங்காது. மேல்மண் இருக்கும் ஆழத்திலேயே செம்புப் பட்டையை டவரைச் சுற்றி வளையமாகவும், அதிலிருந்து நாலு பக்கம் கால்களாகவும் ஓட்டுங்கள். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு செம்புத் தகடு, அதில் மின்னல் தடுப்பான், ரேடியோ, பவர் சப்ளை எல்லாவற்றின் எர்த்தும் அந்த ஒரே தகட்டில். டவருக்கு ஒரு எர்த், ரேடியோவுக்குத் தனி எர்த் என்று பிரித்து வைத்தால் இடி விழும்போது இரண்டுக்கும் நடுவில் உள்ள வோல்டேஜ் முழுவதும் உங்கள் ரேடியோ வழியாகத்தான் போகும்.

தண்ணீர் இடியைவிடப் பொறுமையான எதிரி. இங்கே மழை மேலிருந்து மட்டும் வருவதில்லை, மேகமே டவருக்குள் புகுந்து நிற்கிறது. வெளியே என் டைப் கனெக்டர் மட்டும் போடுங்கள், ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் வெயில் தாங்கும் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அறைக்குள் நுழையும் முன் கேபிள் ஒரு முறை தொங்கி வளைய வேண்டும், தண்ணீர் அங்கே சொட்டிவிடும். குரங்கு கைக்கு எட்டும் உயரம் வரை கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். காட்டுமாடு ஸ்டே கம்பியில் உரசும், அதற்கு வேலி தேவை.

பேட்டரிக் கணக்கைப் பலரும் பயந்து பெரிதாக்குகிறார்கள். 25 வாட் ரிப்பீட்டர் அனுப்பும்போது 5, 6 ஆம்பியர் எடுக்கும், சும்மா கேட்கும்போது அரை ஆம்பியரைச் சற்றுத் தாண்டும். ஒரு நாளில் மூன்று மணி நேரம் பேச்சு என்றால் மொத்தம் 30 ஆம்பியர்-மணியை ஒட்டி வரும், கரண்டில் சொன்னால் அரை யூனிட்டுக்கும் குறைவு. யூனிட்டுக்கு 10 ரூபாய் என்றே வைத்தாலும், சார்ஜர் இழப்பையும் சேர்த்து மாதம் 200 ரூபாய் தாண்டாது. இடத்துக்காரர் கரண்ட் செலவைச் சொல்லி வாடகையை ஏற்றினால் ஒரு சப் மீட்டர் வைத்துக் காட்டிவிடுங்கள். 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி இரண்டரை நாள் தாங்கும். ஆனால் அதை பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, செய்தால் உள்ளே கெட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, அவலாஞ்சிப் பக்கம் உறைபனி விழுகிறது, ஆகவே குளிரில் சார்ஜைத் தானாக நிறுத்தும் பாதுகாப்பு உள்ளதாகப் பார்த்து வாங்கி, அறைக்குள் வையுங்கள். சோலாரை மட்டும் நம்பாதீர்கள். தென்மேற்குப் பருவத்தில் நாட்கணக்கில் சூரியன் தெரியாது, நமக்கு ரிப்பீட்டர் அதிகம் தேவைப்படும் வாரங்களும் அவைதான்.

வருஷக் கணக்கு

கீழே உள்ளவை கணக்குப் போடும் முறையைக் காட்ட நான் எடுத்துக்கொண்ட எண்கள், உங்கள் இடத்துக்கு நீங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். வாடகை மாதம் 3,000, வருஷம் 36,000. கரண்ட் 2,400. டவர் ஏறுகிற ஆளுக்கு வருஷம் இரண்டு தடவை, 10,000. அனுபவமும் சேஃப்டி பெல்ட்டும் இல்லாத உறுப்பினரை ஆர்வத்தில் ஏற்றிவிடாதீர்கள். பேட்டரி 30,000, ஆறு வருஷம் வரும் என்றால் வருஷத்துக்கு 5,000 எடுத்து வைக்க வேண்டும். இடி விழுந்தால் என்று 10,000. வண்டி, டீசல் நான்கு பயணம், 12,000. மொத்தம் 75,400.

இப்போது வாடகையை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள்: 39,400. இடம் இலவசம் என்றாலும் பாதிக்கு மேல் செலவு அப்படியே நிற்கிறது. இலவச இடம் கிடைத்ததும் சந்தா வேண்டாம் என்று முடிவு செய்த குழுக்கள் தடுமாறுவது இங்கேதான். முதல் பேட்டரி சாகும் வரை எல்லாம் நன்றாகவே போகும்.

75,400ஐ 50 பேர் பகிர்ந்தால் தலைக்கு 1,508. 20 பேர் என்றால் 3,770. ரிப்பீட்டரில் பேசுகிறவர்கள் 60 பேர் இருப்பார்கள், பணம் கட்டுகிறவர்கள் 20 பேர்தான் இருப்பார்கள் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். கட்டாதவரைப் பேசவிடாமல் செய்வது எனக்கு உடன்பாடில்லை, கல்லூரிப் பையனும் ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டரும் பேசட்டும், ஆனால் கட்டக்கூடியவர்களிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள். மாதம் 125 ரூபாய் என்று சொன்னால் தருகிறவர்கள், வருஷத்துக்கு 1,500 என்றால் யோசிப்பார்கள். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோருக்கும் அனுப்புங்கள், கோவை, மேட்டுப்பாளையம், ஈரோடு ஹாம்களுக்கும் சேர்த்து. மலை ரிப்பீட்டரை அதிகம் உபயோகிப்பது பெரும்பாலும் சமவெளிக்காரர்கள்தான், அவர்களிடம் கேட்பதில் தவறே இல்லை.

பயணச் செலவைக் குறைக்கும் வழி, மேலேயே இருக்கும் உறுப்பினர். கீழிருந்து வருகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேண்டும், சீசனில் மலைப்பாதையில் நெரிசல், மழையில் மண் சரிவு. ஒரு ஃபியூஸ் மாற்ற ஒரு நாள் போய்விடும். ரிப்பீட்டரைத் தூரத்திலிருந்தே அணைத்து ஆன் செய்யவும், பேட்டரி வோல்டேஜைப் பார்க்கவும் ஏற்பாடு வைத்தால் பாதிப் பயணம் மிச்சம்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

வாய்ப் பேச்சில் இடம் வாங்காதீர்கள், இப்போதைய மேனேஜர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். முத்திரைத் தாளில் 11 மாதம், புதுப்பிக்கும் உரிமையோடு, வருஷ உயர்வு எவ்வளவு சதவீதம் என்று எழுதி. உயர்வு பற்றி எழுதாமல் விட்டால் மூன்றாம் வருஷம் திடீரென்று இரட்டிப்பாகக் கேட்பார்கள். இராத்திரியிலும் மழையிலும் உள்ளே போக அனுமதி இருக்க வேண்டும், சாவி இரண்டு செட், யார் யார் போகலாம் என்று பெயர்ப் பட்டியல். புது டிரான்ஸ்மிட்டர் யாராவது வைத்தால் நமக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். பின்னால் வந்தவரால் இரைச்சல் வந்தால் அதைச் சரிசெய்வது அவர் பொறுப்பு, நம்மால் அவர்களுக்கு வந்தால் நாம் உடனே அணைத்துவிட்டுச் சரிசெய்வோம். வெளியேற மூன்று மாத நோட்டீஸ், இரு பக்கமும். கருவிகள் சங்கத்துக்குச் சொந்தம் என்பது வரிசை எண்ணோடு பின்னிணைப்பாக இருக்கட்டும், இடம் கைமாறினால் இந்தத் தாள் இல்லாமல் உங்கள் டூப்ளெக்சரை வெளியே எடுக்க முடியாது. கம்பெனி டவர் என்றால் வாடகையின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரும், பேரம் பேசும்போதே சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, உரிமமும் கடிதங்களும் மாதக்கணக்கில் இழுக்கும், அதனால் விண்ணப்பங்களை ஜூலை, ஆகஸ்ட் மழையில் வீட்டில் உட்கார்ந்து போட்டுவிடுங்கள். டவர் வேலைக்குப் பிப்ரவரி, மார்ச் நல்லது: காற்று அடங்கியிருக்கும், சீசன் கூட்டம் ஆரம்பித்திருக்காது, கனெக்டரில் டேப் சுற்றும்போது கை விறைக்காது. ஏப்ரல், மே கோடை இடிமழையில் எர்த் எப்படித் தாங்குகிறது என்று பார்த்து, குறை இருந்தால் சரிசெய்ய உங்களுக்கு ஜூன் முதல் வாரம் வரை நேரம் இருக்கும்.